பிடுங்க வேண்டியது யாருடைய போனை?

"போன் கையில் இருப்பதால்தானே இத்தனை வம்பு? முதலில் அதைப் பிடுங்குங்கள்." பள்ளி விழிப்புணர்வுக் கூட்டத்தில் மைக் பிடிப்பவர் சொல்வது இது. தொலைக்காட்சிப் பேட்டியில் அதிகாரி சொல்வதும் இதுவே. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெரியப்பா அனுப்பும் குரல் பதிவிலும் இதையேதான் கேட்கிறோம். இணையத்தில் ஒரு குழந்தை ஏமாற்றப்பட்ட, மிரட்டப்பட்ட, சீரழிக்கப்பட்ட செய்தி வரும்போதெல்லாம் நாம் கூட்டாகக் கண்டுபிடிக்கும் ஒரே குற்றவாளி அந்தக் குழந்தையின் கையில் இருந்த கருவி.

இந்த வாதத்தை அதன் வலுவான வடிவத்திலேயே எடுத்துக்கொள்வோம். பதின்மூன்று வயதில் ஆள் அடையாளம் தெரியாது. புகழ்ச்சிக்கு மயங்கும் வயது. முன்பு தெருமுனையில் நிற்கும் ஆளை அம்மா வாசலிலிருந்தே பார்த்துவிடலாம், இன்று அந்த ஆள் போர்வைக்குள் வந்துவிடுகிறான். திருப்பூர் பனியன் கம்பெனியில் இரவு எட்டரை வரை ஷிப்டு பார்க்கும் ஒரு தாயால் மகளின் இன்ஸ்டாகிராமை ஒவ்வொரு நாளும் சோதிக்க முடியாது. எந்தச் செயலியில் எந்தப் பொத்தான் என்பதும் அவருக்குத் தெரியாது. அவர் கையில் இருக்கும் ஒரே அதிகாரம் போனை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டுவது. 2020இல் ஊரடங்கு வந்து, ஆன்லைன் வகுப்புக்காகக் கடன் வாங்கி போன் வாங்கிக் கொடுத்த வீடுகளில், அந்த போன் வந்த பிறகுதான் தொல்லையே தொடங்கியது என்ற நினைப்பு பலமாக இருக்கிறது. அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை.

அந்தத் தாயோடு எனக்குச் சண்டை இல்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு போன் எதற்கு என்று அவர் கேட்டால் நானும் அவர் பக்கம்தான். இரவு பத்து மணிக்கு மேல் எல்லா போன்களும் கூடத்தில் கிடக்கட்டும் என்று ஒரு வீடு விதி வைத்தால், அப்பாவின் போனும் அதில் சேர்த்தி என்றால், மிக நல்லது. என் சண்டை, இன்னும் கொஞ்சம் விவரம் தெரிந்தும் 'பிடுங்குவதே பாதுகாப்பு' என்று அந்தத் தாயிடம் சொல்லி அனுப்புகிறவர்களோடு. கல்வித் துறையிலும் காவல் துறையிலும் மேடையிலும் இருக்கும் அவர்களுக்கு என் மறுப்புகள் இவை.

1. படத்தில் இருக்கும் குழந்தையிடம் போன் இருந்ததா?

2020 நவம்பரில் உத்தரப் பிரதேச நீர்ப்பாசனத் துறையில் இளநிலைப் பொறியாளராக இருந்த ஒருவரை சிபிஐ கைது செய்தது. சித்ரகூட், பாந்தா, ஹமீர்பூர் மாவட்டங்களில் சுமார் பத்து ஆண்டுகளாக, 5 முதல் 16 வயது வரையிலான ஏறக்குறைய 50 குழந்தைகளைச் சீரழித்து, அதைப் படம் பிடித்து, இணையத்தின் இருண்ட சந்துகளில் விற்றார் என்பது அப்போதைய குற்றச்சாட்டு. அந்தக் குழந்தைகளை அவர் எப்படி வசப்படுத்தினார், எப்படி வாய்மூட வைத்தார்? மொபைல் போன் போன்ற பொருட்களைக் கொடுத்து என்கிறது சிபிஐ. பிடுங்குவதற்கு அந்தக் குழந்தைகளிடம் போன் இல்லை. ஒரு போன் கிடைக்காதா என்ற ஏக்கம்தான் இருந்தது. அதுதான் தூண்டிலில் இரையானது.

இணையவழிக் குழந்தைச் சுரண்டலில் கணிசமான பகுதி இப்படித்தான். குற்றம் நடப்பது ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஓர் அறையில், குழந்தைக்குத் தெரிந்த ஆளால். படம் பின்னால் இணையத்துக்குப் போகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் கீழ் பதிவாகும் வன்புணர்வு வழக்குகளில் சுமார் 95 விழுக்காட்டில் குற்றம் சாட்டப்பட்டவர் பாதிக்கப்பட்டவருக்கு ஏற்கெனவே அறிமுகமானவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுக்காண்டு சொல்லிவருகிறது. மாமா, பக்கத்து வீட்டுக்காரர், டியூஷன் எடுப்பவர், வேன் ஓட்டுநர் என்று நீளும் பட்டியல் அது. இவர்கள் யாரையும் குழந்தையின் போனைப் பூட்டி வைப்பதால் தடுக்க முடியாது. அதைவிட மோசம், 'ஆபத்து வெளியிலிருந்து, திரை வழியாகத்தான் வரும்' என்று நாம் அடித்துச் சொல்லும்போது, வீட்டுக்குள் உட்கார்ந்து காபி குடிக்கும் ஆளின் மீதிருந்து கண்ணை எடுத்துவிடுகிறோம்.

2. மிரட்டுகிறவனின் மூலதனம் எது?

குழந்தை தன் போன் வழியாகவே சிக்கும் வழக்குகளுக்கு இப்போது வருகிறேன். அவை இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால் அவை எப்படி நடக்கின்றன என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும்.

இத்தகைய வழக்குகளின் பொதுவான வரிசை ஒன்று உண்டு. எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுகிறான். அணியில் புதிதாக ஓர் 'அண்ணா' சேர்கிறார். "செம்மயா ஆடுற தம்பி" என்கிறார். ஆட்டத்துக்கான டைமண்டு வாங்கித் தருகிறார். சில நாள் கழித்து, "இங்க சரியா பேச முடியல, இன்ஸ்டா ஐடி குடு." அங்கே போனதும் பேச்சின் நிறம் மாறுகிறது, அல்லது ஒரு பெண்ணின் படம் போட்ட கணக்கிலிருந்து நட்பு அழைப்பு வருகிறது. ஒரு படம் கேட்கப்படுகிறது. பையன் அனுப்புகிறான். அடுத்த நிமிடம் திரும்பி வருவது ஒரு ஸ்கிரீன்ஷாட். அவன் அனுப்பிய படம், கூடவே அவனைப் பின்தொடர்கிறவர்களின் பட்டியல். அதில் அக்கா, சித்தப்பா, டியூஷன் மிஸ், வகுப்பு நண்பர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். "ஒன் அவர் டைம். அஞ்சாயிரம் ஜிபே பண்ணு. இல்லன்னா எல்லாருக்கும் போகும். உங்க அப்பாவுக்குத்தான் மொதல்ல." பையன் "அண்ணா ப்ளீஸ் அண்ணா" என்று தட்டச்சு செய்துகொண்டிருக்கிறான். பக்கத்து அறையில் அப்பா செய்தி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மிரட்டுகிறவனிடம் இருப்பது ஒரு படம். அந்தப் பையன் எழுந்து பத்தடி நடந்து, "அப்பா, ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று சொல்லிவிட்டால் அந்தப் படத்தின் பேரம் பேசும் சக்தி அங்கேயே பாதி போய்விடும். அந்தப் பத்தடியைப் பையன் நடக்க மாட்டான் என்பதை நம்பித்தான் முழு வியாபாரமும் நடக்கிறது. ஏன் நடக்க மாட்டான்? சொன்னால் போன் போகும், அடி விழும், "உன்னை நம்பி வாங்கிக் கொடுத்தேனே" என்று அம்மா அழுவார், பள்ளிக்குத் தெரிந்தால் டி.சி. இந்த விலைப்பட்டியலை அவனுக்கு எழுதிக் கொடுத்தது லாகோஸிலோ ஆல்வாரிலோ உட்கார்ந்திருக்கும் மோசடிக்காரன் இல்லை. நாம்தான் எழுதிக் கொடுத்தோம், ஒவ்வொரு விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் பிறகும், "ஏதாவது தப்பு பண்ணினேன்னு தெரிஞ்சுது, போனை உடைச்சுடுவேன்" என்று சொல்லிச் சொல்லி. மிரட்டலின் கடைசி வரி, "வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு தெரியும்ல?" என்பது. அந்த வரிக்கு உயிர் கொடுப்பது வீடு.

இந்தப் பயத்தின் விலை அமெரிக்காவில் கணக்கெடுக்கப்பட்டிருக்கிறது. 2021 அக்டோபர் முதல் 2023 மார்ச் வரை இப்படிப் பணம் கேட்டு மிரட்டப்பட்ட சிறார்கள் குறைந்தது 12,600 பேர் என்றும், அவர்களில் பெரும்பாலோர் பையன்கள் என்றும், குறைந்தது 20 தற்கொலைகள் இதன் விளைவு என்றும் எஃப்பிஐ அறிவித்தது. மிச்சிகனில் 2022 மார்ச்சில் இறந்த 17 வயது மாணவன் ஒருவனின் வழக்கில், அறிமுகம், படம், மிரட்டல், மரணம் எல்லாமே ஒரே இரவில் முடிந்துவிட்டன. அவனை மிரட்டிய நைஜீரியச் சகோதரர்கள் இருவருக்கும் 2024 செப்டம்பரில் தலா பதினேழரை ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. ஓர் இரவுக்குள் முடிந்துவிடும் குற்றத்தில், குழந்தை யாரிடமாவது வாய் திறப்பதற்கு எத்தனை நிமிடம் எடுத்துக்கொள்கிறது என்பதுதான் உயிருக்கும் சாவுக்கும் உள்ள தூரம். அந்த நிமிடங்களை நீட்டிக்கிற எந்த விதியையும் நான் பாதுகாப்பு என்று ஏற்க மாட்டேன்.

"முன்பே பிடுங்கியிருந்தால் இது நடந்தே இருக்காதே?" என்று கேட்பார்கள். நண்பனின் போன் இருக்கிறது. பாட்டிக்கு வாங்கிக் கொடுத்த போன் இருக்கிறது. அம்மாவின் போனில் அம்மாவுக்குத் தெரியாத இரண்டாவது கணக்கு இருக்கிறது. தடை செய்த போனில் தப்பு நடந்தால், குழந்தை மறைக்க வேண்டிய ரகசியம் இரண்டாகிறது. முதல் ரகசியமே இரண்டாவதைச் சொல்ல விடாது.

3. எந்தப் பிள்ளையின் போன் பிடுங்கப்படுகிறது?

சட்டம்போலப் பேசப்படும் இந்தப் பிடுங்கும் விதி நடைமுறையில் பெரும்பாலும் பெண் பிள்ளைக்குத்தான். தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்றில், எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்தியிருக்கிறீர்களா என்ற கேள்விக்கு இந்தியப் பெண்களில் சுமார் 33 விழுக்காட்டினரும் ஆண்களில் சுமார் 57 விழுக்காட்டினரும் ஆம் என்றார்கள். இந்த இடைவெளிக்கு ஏழ்மை மட்டும் காரணமில்லை என்று நம் வீடுகளைப் பார்த்தாலே தெரியும். ஒரே வீட்டில், ஒரே வருமானத்தில், அண்ணனிடம் போன் இருக்கும்; தங்கையிடம் இருக்காது. தங்கைக்கு ஒரு தவறான அழைப்பு வந்தால் அவள் போன் மட்டுமல்ல, பல நேரம் படிப்பும் நிற்கும். "பிளஸ் டூ முடிச்சது போதும், மாப்பிள்ளை பார்த்துடலாம்." மார்ஃபிங் செய்து படத்தைப் பரப்பியவனுக்கு எந்த நஷ்டமும் இல்லாமல், தண்டனை முழுவதும் படத்தில் இருப்பவளுக்குப் போய்ச் சேரும்.

அந்தப் படம் எங்கே சுற்றுகிறது? அண்ணன்மார்களின் குழுக்களில். 'ஃபன்', 'கெத்து' என்று பெயர் வைத்த குழுக்களில். 2019 டிசம்பரில் திருச்சியில் ஒருவர் குழந்தைகளின் பாலியல் படங்களைப் பகிர்ந்ததற்காகக் கைதானார். பார்த்தவர்கள், பகிர்ந்தவர்கள் பட்டியல் தயாராக இருக்கிறது என்று தமிழகக் காவல் துறையின் உயர் அதிகாரி எச்சரித்தார். தமிழ்ச் சமூக ஊடகம் அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று நினைவிருக்கிறதா? மீம் போட்டுச் சிரித்தது. பட்டியலில் நம் பேர் இருக்குமோ என்று வளர்ந்த ஆண்கள் நகைச்சுவையாகப் பதறினார்கள். தங்கையின் போனைப் பூட்டி வைக்கும் வீடுகளிலிருந்துதான் அந்தச் சிரிப்பும் வந்தது. அண்ணனின் போனை, அப்பாவின் போனை யாரும் கேட்கவில்லை.

மறுபக்கம், பையன்களுக்கு ஆபத்தே இல்லை என்ற மூடநம்பிக்கை. மேலே சொன்ன 12,600 பேரை அதற்குப் பதிலாக வைக்கிறேன்.

4. ஆஸ்திரேலியாவைக் காட்டுகிறவர்கள் அதன் சட்டத்தைப் படித்தார்களா?

"ஆஸ்திரேலியாவே தடை செய்துவிட்டதே" என்பது இப்போது புதிதாகக் கிடைத்திருக்கும் தடி. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்துக்கொள்வதைத் தடுக்கும் சட்டத்தை 2024 நவம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றம் நிறைவேற்றியது; 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையும், அதுபோன்ற சட்டம் பற்றி ஒன்றிய அரசு யோசிக்கலாம் என்று சொன்னது.

யோசிக்கட்டும். ஆனால் அந்தச் சட்டம் யாரைத் தண்டிக்கிறது? கணக்கு தொடங்கிய குழந்தையை இல்லை, அதன் பெற்றோரையும் இல்லை. தவறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பொறுப்பு முழுவதும் இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட் போன்ற முதலாளிகளின் தலையில். நம் ஊரில் அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பகுதியை மட்டும் சௌகரியமாக விட்டுவிட்டு, தடை என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு எட்டாம் வகுப்புப் பெண்ணின் பையைச் சோதனை போடக் கிளம்புகிறார்கள்.

அந்தச் சட்டத்திலும் ஓட்டைகள் உண்டு. வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகள் அதற்குள் வரவில்லை; ரோப்லாக்ஸ் போன்ற விளையாட்டுத் தளங்களும் வரவில்லை. நான் மேலே சொன்ன வரிசை தொடங்குவது விளையாட்டில், முடிவது தனிச் செய்தியில். நடுவில் இருக்கும் ஒரு படிக்குத்தான் தாழ்ப்பாள் போட்டிருக்கிறார்கள். இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரின் தரவைக் கையாள பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் நம் வீட்டில் சிம் அப்பா பெயரில், கணக்கு அக்கா பெயரில், பள்ளி வீட்டுப்பாடம் வருவதோ அம்மாவின் வாட்ஸ்அப்பில். வகுப்புக் குழுவை வாட்ஸ்அப்பில் நடத்திக்கொண்டே, போன் கொடுக்காதீர்கள் என்று அறிவுரை சொல்லும் பள்ளிகளின் முரண்பாட்டை என்னவென்று சொல்ல.

5. வாசலைத் திறந்து வைத்தவனை ஏன் யாரும் கேட்பதில்லை?

முன்பின் தெரியாத நாற்பது வயது ஆள் ஒருவர் பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு நேரடியாகச் செய்தி அனுப்ப முடிகிறது என்றால், அது இயற்கை விதி இல்லை. யாரோ ஒரு பொறியாளர், யாரோ ஒரு மேலாளர், அப்படி இருக்கட்டும் என்று முடிவெடுத்திருக்கிறார். பிரிட்டனில் இணையப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் வகுத்த நெறிமுறைகள், ஆபத்து உள்ள தளங்களில் குழந்தைகளின் கணக்கு அந்நியர்களுக்குப் பரிந்துரையாகக் காட்டப்படக் கூடாது, தொடர்பில் இல்லாதவர் குழந்தைக்கு நேரடிச் செய்தி அனுப்பக் கூடாது, இவையே தொடக்க அமைப்பாக இருக்க வேண்டும் என்கின்றன. செய்ய முடியும் என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டாம். 2024 ஜனவரி 31 அன்று அமெரிக்க செனட் குழுவின் விசாரணையில், இறந்த பிள்ளைகளின் படங்களைக் கையில் ஏந்தி உட்கார்ந்திருந்த பெற்றோர்களின் பக்கம் திரும்பி மெட்டா நிறுவனத் தலைவர் மார்க் ஜுக்கர்பெர்க் மன்னிப்புக் கேட்டார். நம் பெற்றோர்களோ குழந்தையிடம் கேள்வி கேட்பதோடு நின்றுவிடுகிறார்கள்.

குழந்தைகள் சுரண்டப்படுவது பற்றி இணைய நிறுவனங்கள் தரும் புகார்களைத் திரட்டும் அமெரிக்க மையத்துக்கு 2023இல் வந்தவை சுமார் 3.6 கோடி. அதில் இந்தியாவோடு தொடர்புடையவை சுமார் 89 லட்சம். எந்த நாட்டையும்விட அதிகம். இது பாதிக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை இல்லை. ஒரே காணொளி ஆயிரம் பேர் பகிர்ந்தால் ஆயிரம் புகார். ஆனால் அந்தப் பகிர்தலே என் வாதத்துக்குப் போதும். படத்தில் இருப்பது ஒரு குழந்தை. பகிரப்படுவது வேறொருவரின் போனிலிருந்து.

அந்த வேறொருவரைச் சட்டம் தொடத் தயங்கிய காலமும் உண்டு. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், இத்தகைய படங்களைத் தன் போனில் வைத்துத் தனிமையில் பார்த்தது மட்டும் குற்றமாகாது என்று சொல்லி ஓர் இளைஞர் மீதான வழக்கை ரத்து செய்தது. உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23 அன்று அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அழிக்காமலும் புகார் தராமலும் வைத்திருப்பதிலிருந்தே, பகிரும் நோக்கத்தைச் சட்டம் ஊகிக்கலாம் என்றது. அதோடு, போக்சோ சட்டப்படி உள்ளூர்க் காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ தெரிவிக்காத இணைய நிறுவனங்கள், 'நாங்கள் வெறும் இடைத்தரகர்' என்று சொல்லித் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆம் பிரிவில் ஒளிந்துகொள்ள முடியாது என்றும் சொன்னது. இது மிகப் பெரிய விஷயம். எத்தனை பள்ளிக் கூட்டங்களில் இந்தத் தீர்ப்பு பேசப்பட்டது? போன் கெட்டது என்று சொல்லிக் கைதட்டல் வாங்குவது எளிது. அரங்கில் உட்கார்ந்திருக்கும் அப்பாக்களிடம் 'உங்கள் போனில் இருப்பதே உங்களைச் சிறைக்கு அனுப்பலாம்' என்று சொல்வது கடினம்.

6. வாய் திறந்த பிறகு என்ன நடக்கிறது?

2019இல் வெளிவந்த பொள்ளாச்சி பாலியல் வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாதிக்கப்பட்டவர்கள் வளர்ந்த பெண்கள். ஆனால் சிக்கவைத்த முறையில் வித்தியாசம் இல்லை: சமூக ஊடக நட்பு, நம்பிக்கை, படம், மிரட்டல். ஒரு கல்லூரி மாணவி வாய் திறந்ததால்தான் மற்ற எல்லாம் வெளியே வந்தது. அவர் புகார் கொடுத்ததற்குக் கிடைத்த பலன்: அவருடைய அண்ணன் தாக்கப்பட்டார்; காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்கள் முன்னிலையில் அவர் பெயரை வெளியிட்டார். அடையாளத்தை வெளியிட்டதற்காக அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இத்தனைக்கும் பிறகு, சாட்சிகளில் ஒருவர்கூடப் பிறழவில்லை. 2025 மே 13 அன்று குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கிடைத்தது.

அந்தப் பெண்களின் உறுதியைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம். அப்படி நகர்ந்தால், இவ்வளவு உறுதி இல்லாத பதிமூன்று வயதுக் குழந்தை எப்படி வாய் திறக்கும் என்ற கேள்வி அப்படியே நிற்கும். இதற்குச் சட்டத்தில் விடை இல்லாமல் இல்லை. போக்சோ 24ஆம் பிரிவின்படி குழந்தையின் வாக்குமூலத்தை அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும், கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை கூடாது, இரவில் எக்காரணம் கொண்டும் நிலையத்தில் வைத்திருக்கக் கூடாது. 23ஆம் பிரிவு, பெயர், முகவரி, பள்ளி, குடும்பம் எதையும் ஊடகம் வெளியிடக் கூடாது என்கிறது. 19, 21ஆம் பிரிவுகளின்படி, குற்றம் பற்றித் தெரிந்தும் காவல் துறைக்குச் சொல்லாதவர், அவர் தலைமை ஆசிரியரே ஆனாலும், தண்டிக்கப்படலாம். 'பள்ளியின் பெயர் கெட்டுவிடும், நமக்குள் பேசி முடிப்போம்' என்று பெற்றோரைக் கூப்பிட்டு உட்கார வைக்கும் நிர்வாகம் சமரசம் பேசவில்லை, குற்றம் செய்கிறது.

இவையெல்லாம் காகிதத்தில் இருக்கின்றன. நிலையத்தில் போய் நின்றால் முதல் கேள்வி இன்னமும் "நீ எதுக்கும்மா போட்டோ அனுப்பின?" என்பதுதான். பிடுங்கு என்ற கோட்பாட்டின் காவல் நிலைய வடிவம் அது. வீட்டில் கேட்டதையே இங்கும் கேட்கும் குழந்தை, மூன்றாவது ஓர் இடத்தைத் தேடிப் போகாது.

அப்படியானால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். மிரட்டல் வந்த அந்த நேரத்தில், மேலே சொன்ன பையனின் அப்பா செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பணம் அனுப்பாதீர்கள், ஒரு முறை கொடுத்தால் அடுத்த கேள்வி பத்தாயிரமாகத்தான் வரும். கோபத்தில் உரையாடலை அழிக்காதீர்கள். பிடுங்கி உடைக்கும் அந்த போன்தான் வழக்கின் முதல் சாட்சி; கணக்கின் பயனர் பெயர், அதன் இணைப்பு, நேரம், பணம் கேட்ட யுபிஐ எண் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. அவற்றைக் குறித்துக்கொண்ட பிறகு பிளாக் செய்யுங்கள். குழந்தையின் படத்தை மட்டும் யாருக்கும், 'ஆதாரத்துக்காக' மச்சானுக்குக்கூட, அனுப்பாதீர்கள். அதுவே தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67பி பிரிவின்படி குற்றம். 1098க்கோ 1930க்கோ அழையுங்கள். ஒன்றிய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில், குழந்தைகள் தொடர்பான புகாரைப் பெயர் சொல்லாமலும் பதியலாம். 18 வயது நிரம்பாதவர்களின் படங்களை நீக்க 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் கருவியை விட்டு வெளியே போகாது, அதன் எண்வழி அடையாளம் மட்டும்தான் போகும், பங்கேற்கும் தளங்கள் அதை வைத்துத் தேடி நீக்கும்.

இவற்றில் எதையும் அந்தப் பையன் பத்தடி நடந்து வராமல் செய்ய முடியாது. அவன் நடந்து வர வேண்டுமானால், எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளில், சாப்பாட்டின்போது, அவனுக்கு ஒரு வாக்கு கிடைத்திருக்க வேண்டும்: என்ன நடந்தாலும், யார் தப்பாக இருந்தாலும், சொன்னதற்காக உன் போனை வாங்க மாட்டேன், உன்னை அடிக்க மாட்டேன். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவும் வேண்டும். முதல் சின்ன விஷயத்திலேயே மீறிவிட்டால் பெரிய விஷயம் உங்களிடம் வராது.

அடுத்த முறை உங்கள் பிள்ளையின் பள்ளியில் இணையப் பாதுகாப்புக் கூட்டம் என்று சுற்றறிக்கை வந்தால், தவறாமல் போங்கள். போன் கொடுக்காதீர்கள் என்று மேடையில் சொல்லி முடித்ததும் எழுந்து மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் பள்ளியில் ஒரு குழந்தை இப்படி மாட்டிக்கொண்டால் முதலில் யாரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவர் பெயர் என்ன? சொன்ன குழந்தைக்கு டி.சி. கொடுக்க மாட்டோம் என்று எழுத்தில் தருவீர்களா? கடந்த முறை ஒரு குழந்தை வந்து சொன்னபோது, காவல் துறைக்கு நீங்கள் எந்தத் தேதியில் தகவல் கொடுத்தீர்கள்?